இரண்டு ரொட்டி சானாயும் ஒரு கரண்டிப் பருப்பும்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பெண் தனி ஒருவர் அல்லர். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற டவுன்களில் வீட்டுக்கு வீடு காணும் நிலையை ஒரே ஆளாக்கி, கணக்குப் பார்க்க வசதியாக உடல் எண்களைப் பொருத்தியிருக்கிறோம். உணவின் சத்து அளவுகளும் ஆராய்ச்சி முடிவுகளும் உள்ளபடியே எடுத்தவை.

வயது 44. உயரம் 158 செ.மீ., எடை 71 கிலோ, பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 28.4, வயிற்றுச் சுற்றளவு 94 செ.மீ. இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.1 சதவீதம். மலேசியாவில் 6.3 ஆனால் நீரிழிவு என்று எழுதிவிடுவார்கள். இவர் வாசற்படியில் நிற்கிறார். கல்லீரல் நொதி ஏ.எல்.டி. 52, கொஞ்சம் கூடுதல். குடிப்பழக்கம் இல்லாதவருக்கு இந்த எண் பெரும்பாலும் கல்லீரலில் கொழுப்பு ஏறியதைக் காட்டும். சிறுநீரகச் செயல்பாடு சரி, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஒழுகவில்லை, மருந்து எதுவும் எடுக்கவில்லை. இந்தக் கடைசி மூன்று தகவல்களை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

பெற்றோர் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பால் எடுத்தவர்கள். விடியுமுன் பெரட்டுக்கு (பெயர்ப்பதிவுக்கு) நின்று, நாளுக்கு 500, 600 மரம் வெட்டி, பால் எடுத்து, வாளி சுமந்து நடந்த உடம்புகள். மகள் தோட்ட லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு வந்துவிட்டார். தொழிற்சாலை வேன் வீட்டு வாசலில் ஏற்றி வாசலில் இறக்குகிறது. எட்டு மணி நேரம் உட்கார்ந்து பேக்கிங் வேலை. நடை போய்விட்டது, தட்டில் சோற்றின் அளவு மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

கிளினிக்கில் தாதியிடம் அவர் சொல்வது: "சோத்தப் பாதியா கொறச்சுட்டேன் மிஸ்ஸி, எட எறங்கவே மாட்டேங்குது. புரோட்டீன் சாப்பிட்டா கொழுப்பு கரையும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க."

அந்த அக்கா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதுதான் இந்த ஆய்வு.

அளந்து பார்த்தபோது

முதலில் மூன்று நாள் உணவு, அதில் ஒரு நாள் ஞாயிறு. சமையலறைத் தராசு 25, 30 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கிடைக்கும். 'ஒரு தட்டு', 'ஒரு கரண்டி' என்று எழுதி வாங்கினால் வேலைக்கு ஆகாது. கரண்டி வீட்டுக்கு வீடு மாறும். சராசரி இப்படி வந்தது.

காலையில் டவுன் கடையில் இரண்டு ரொட்டி சானாய் (பரோட்டா போன்றது), பருப்புக் குழம்பு, தே தாரிக் (இனிப்புப் பால் டீ): சுமார் 750 கலோரி, புரதம் 15 கிராம். மதியம் சோறு 200 கிராம், சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், ஒரு சின்னக் கெம்போங் மீன் பொரியல்: 560 கலோரி, 16 கிராம். நாலு மணிக்கு மைலோவும் இரண்டு கரிப்பாப்பும் (உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த பலகாரம்): 300 கலோரி, 5 கிராம். இரவு ஒன்பதுக்குச் சோறு, கோழிக்குழம்பில் எலும்போடு இரண்டு துண்டு: 520 கலோரி, 20 கிராம். மொத்தம் 2,130 கலோரி, புரதம் 56 கிராம்.

இவருடைய உயரம், வயது, வேலைக்கு உடல் செலவழிப்பது 1,900 கலோரி சுற்றுவட்டாரம். ஆக மிச்சம் இருக்கிறது. ஆச்சரியம் புரதத்தில்தான். 56 கிராம் என்றால் எடைக்குக் கிலோவுக்கு 0.79 கிராம், அடிப்படைத் தேவையான 0.8-ஐ ஏறக்குறையத் தொட்டுவிடுகிறது. தாளில் பார்த்தால் குறைபாடு கிடையாது. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, அந்த 56-இல் பாதி கோதுமை மாவிலிருந்தும் அரிசியிலிருந்தும் வருகிறது. இவற்றில் லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் துண்டுகளில் ஒன்று) குறைவு. இரண்டு, மொத்தக் கலோரியில் புரதத்தின் பங்கு பத்தரை சதவீதம்தான்.

அந்தப் பத்து சதவீதத்துக்கு ஒரு கதை உண்டு. 2005-இல் சிம்ப்சன், ரோபன்ஹைமர் என்ற இரு ஆய்வாளர்கள், உடல் தனக்கு வேண்டிய புரதம் கிடைக்கும்வரை தின்னத் தூண்டும் என்றார்கள். 2011-இல் சிட்னியில் சோதித்தபோது, 10 சதவீதம் புரதம் உள்ள உணவை உண்டவர்கள் 15 சதவீதத்தில் உண்டதைவிட 12 சதவீதம் கூடுதல் கலோரி தின்றார்கள். கூடுதலாகத் தின்றதில் பெரும்பங்கு சாப்பாட்டு வேளையில் இல்லை. இடையில் கொறித்த காரசார நொறுக்குத்தீனி. நம்முடைய நாலு மணிக் கரிப்பாப்புக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. அது பெருந்தீனிப் புத்தி அல்ல, காலையிலும் மதியத்திலும் வராத புரதத்தைத் தேடும் பசி.

பருப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் நம் வீடுகளில் 'புரதம் இருக்கே, பருப்பு போடுறோமே' என்ற பதில் தவறாமல் வரும். காய்ந்த பருப்பு 100 கிராமில் புரதம் சுமார் 24 கிராம். நாலு பேர் வீட்டில் சாம்பாருக்குப் போடுவது அந்த 100 கிராம்தான். தண்ணீர், காய், புளி எல்லாம் சேர்த்து இறக்கினால் தலைக்கு 6 கிராம். ரொட்டிக் கடைக் குழம்பில் அதுவும் இருக்காது. உருளைக்கிழங்கும் தண்ணீரும் போக மஞ்சள் நிறத்துக்குத்தான் பருப்பு.

வயிற்றை ஏன் அளந்தோம்

எடைத் தராசு நம் இனத்தாரிடம் பொய் சொல்லும். 2004-இல் யாஜ்னிக் என்ற இந்திய மருத்துவரும் யூட்கின் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் ஒரே பி.எம்.ஐ. 22.3 இருந்த தங்கள் இருவர் உடலையும் அளந்து படத்தோடு வெளியிட்டார்கள். பிரிட்டிஷ்காரரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2. இப்படிப்பட்ட வித்தியாசத்தால்தான் ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. எல்லை கூடுதல் எடைக்கு 23, உடல் பருமனுக்கு 27.5 என்று கீழிறங்கியது. வயிற்றுச் சுற்றளவில் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 செ.மீ. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் வயதுவந்த இந்தியர்களில் 31.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. 2023 ஆய்வில் நாட்டின் வயதுவந்தோரில் 54.4 சதவீதம் பேர் கூடுதல் எடை அல்லது உடல் பருமன்.

நாடாவைத் தொப்புளுக்கு நேரே சுற்றுவதுதான் வழக்கமான தவறு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின், துணி இல்லாமல். இடம் இரண்டு விரல்கடை மாறினாலே 3, 4 செ.மீ. மாறிப்போகும், பிறகு மாதக்கணக்கில் எதையோ ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

முதல் மூன்று வாரம்: தவறு

அக்காவின் பேச்சைக் கேட்டு அவரே தொடங்கினார். காலை ரொட்டியோடு இரண்டு அவித்த முட்டை, இரவு படுக்குமுன் நேரடி விற்பனையில் வாங்கிய புரதப் பொடியை மைலோவில் கலக்கி ஒரு குவளை. எதையும் எடுக்கவில்லை, சேர்த்தார். முட்டை 145 கலோரி, குவளை 200. நாளுக்கு 345 கலோரி மேலே. மூன்று வாரத்தில் எடை 71.7.

இதை முன்பே சோதித்திருக்கிறார்கள். 2012-இல் லூசியானாவில் 25 தன்னார்வலர்களை எட்டு வாரம் தேவைக்கு மேல் சாப்பிடவைத்து, புரதத்தை 5, 15, 25 சதவீதம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஏறிய கொழுப்பு மூன்று குழுவிலும் ஏறக்குறைய ஒன்றே; கூடுதல் கலோரிதான் அதைத் தீர்மானித்தது. புரதம் மாற்றியது தசையை: 5 சதவீதக் குழு தசை போன்ற கொழுப்பற்ற எடையில் 0.7 கிலோ இழந்தது, மற்ற இரண்டும் 3 கிலோ அளவில் சேர்த்தன. இதில் ஒரு பொறி இருக்கிறது. தராசில் மிகக் குறைவாக ஏறியவர்கள் குறைந்த புரதக்காரர்கள்தான். தராசை மட்டும் பார்த்திருந்தால் அதையே நல்ல உணவென்று நினைத்திருப்போம்.

'புரதம் கொழுப்பை எரிக்கும்' என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். உண்ட புரதத்தின் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிக்கவே செலவாகிறது. மாவுச்சத்துக்கு 5 முதல் 10, கொழுப்புக்கு 0 முதல் 3. உண்மைதான். இவருடைய புரதம் 56 கிராமிலிருந்து 90 ஆனால், கூடுவது 34 கிராம், 136 கலோரி. அது சோற்றின் இடத்தில் வந்தால் செரிமானத்தில் கூடுதலாகப் போவது நாளுக்கு 25 கலோரி சுற்று. ஒரு தேக்கரண்டிச் சீனியைவிடக் கொஞ்சம் கூட. பொடி டப்பாவில் நெருப்புப் படம் போட்டு விற்பது இந்த 25 கலோரியைத்தான்.

புரதத்தின் நிஜமான உதவி வேறு இடங்களில். பசி அடங்குகிறது, 2005-இல் நடந்த ஒரு சோதனையில் புரதத்தை 15-லிருந்து 30 சதவீதமாக்கி, வேண்டிய மட்டும் தின்னலாம் என்று விட்டபோது, ஆட்கள் தாமாகவே நாளுக்கு 441 கலோரி குறைவாக உண்டு 12 வாரத்தில் 4.9 கிலோ இறங்கினார்கள். அடுத்தது, எடை இறங்கும்போது தசை அதிகம் கரையாமல் காப்பது. 24 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2012 தொகுப்பில், அதே கலோரிக் குறைப்பில் புரதம் கூடியவர்கள் 0.87 கிலோ கொழுப்பு மட்டுமே கூடுதலாக இழந்தார்கள், தசையில் 0.43 கிலோ மிச்சம் பிடித்தார்கள். விளம்பரத்துக்கு ஆகாத எண்கள், ஆனால் நம்பலாம்.

மாற்றிய தட்டு

நாலாம் வாரத்திலிருந்து ஒரே விதி: உள்ளே வருவதற்கு ஈடாக ஒன்று வெளியே போகவேண்டும். இலக்கு 1,600 கலோரிக்குள் சுமார் 90 கிராம் புரதம், மூன்று வேளைக்கும் சமமாகப் பிரித்து. தசை கட்டும் வேலையைத் தூண்ட ஒரு வேளைக்கு 25 முதல் 30 கிராம் புரதமும், அதில் லியூசின் என்ற அமினோ அமிலம் இரண்டரை கிராம் அளவும் வேண்டும். காலையில் பத்து, இரவில் அறுபது என்று குவித்தால் அதே மொத்தத்துக்குப் பலன் குறையலாம்.

காலையில் ரொட்டி சானாய் வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு, ஒன்றே ஒன்று. மற்ற நாள் இரண்டு முட்டை, ஒரு தோசை, அவித்த கொண்டைக்கடலை 80 கிராம்: புரதம் 24 கிராம். கடலையை ஞாயிறு இரவே அரைக் கிலோ ஊறவைத்து அவித்து, பெட்டி பெட்டியாக ஃப்ரீசரில் வைத்தால்தான் இது நடக்கும். அதிகாலை ஐந்து மணிக்கு யாரும் கடலை அவிக்கமாட்டார்கள். கடையில் தே கேட்டால் 'அண்ணே, கூராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) போதாது. இனிப்பு குறைந்தாலும் கிரீமர் இருக்கும்; அது பால் அல்ல, பாதியளவு சீனியும் பனை எண்ணெயும். தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத டீ) வாங்கி, வீட்டில் 200 மில்லி பால் தனியாகக் குடிப்பது நல்லது, 6 கிராம் புரதமாவது கிடைக்கும்.

மதியம் கெம்போங். கிலோவுக்கு ஏழு மீன் ஏறினால் ஒன்று 140 கிராம். தலை, குடல், முள் போனால் பாதிதான் சதை, அதில் 13, 14 கிராம் புரதம். எனவே ஒன்றல்ல, இரண்டு. சோறு 130 கிராமாக இறங்கியது. மீனை எண்ணெயில் மூழ்கப் பொரித்தால் இந்தக் கணக்கே வீண். அசாம் (காய்ந்த புளிப்புத் துண்டு) போட்டோ, புளி கரைத்துக் குழம்பாகவோ, மஞ்சள் மிளகாய் தடவி இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் மூடி வைத்து வாட்டியோ செய்யலாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி.

இரவு தெம்பே (நொதிக்கவைத்த சோயாக் கட்டி) 100 கிராம், புரதம் 19. நம் வீடுகளில் தெம்பே என்றால் மெல்லிசாகச் சீவி, மொறுமொறுவென்று பொரித்து, நெத்திலியும் கடலையும் சீனியும் போட்டுப் பிரட்டுவது. மெல்லிய சீவல் எண்ணெயைப் பஞ்சுபோலக் குடிக்கும். 190 கலோரி இருநூறு, முந்நூறு கூடிப்போகும். ஒரு செ.மீ. கனத்தில் வெட்டி, பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் கசப்பு போகும், மசாலாவும் ஏறும். பிறகு தோசைக்கல்லில் இரு பக்கமும் வாட்டி, குழம்பில் கடைசியாகப் போட வேண்டும். கூடவே கெட்டிப் பருப்பு: நாலு பேருக்கு 120 கிராம் பருப்பு, 400 மில்லி தண்ணீர், குக்கரில் மூன்று விசில். தலைக்கு 7 கிராம். சோறு 100 கிராம், கீரை இஷ்டம்போல.

சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டும் இதுதான்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, பருப்பு வகை, பாதி காய்கறியும் பழமும். நம் தட்டில் வழக்கமாக அந்தப் பாதி சோற்றுக்குப் போய்விடுகிறது, உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் ஏறிவிடுகிறது.

உடற்பயிற்சி இல்லாமல் புரதம் மட்டும் தசையை முழுதாகக் காக்காது. ஜிம் வேண்டாம். 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்து நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ஒரு சுற்றுக்கு 10 முறை, மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள்.

சைவமா அசைவமா

கேட்டே தீருவார்கள். ஜெர்மனியின் பொட்ஸ்டாம் பகுதியில் நடத்தி 2017-இல் வெளியான ஒரு சோதனை இந்த நிகழ்வுக்கு நேராகப் பொருந்துகிறது. நீரிழிவுள்ள 37 பேருக்கு ஆறு வாரம், கலோரியில் 30 சதவீதம் புரதம். ஒரு குழுவுக்கு இறைச்சியும் பாலும், மறு குழுவுக்குப் பெரும்பாலும் பயறு வகை. கல்லீரல் கொழுப்பு முதல் குழுவில் 48 சதவீதமும் அடுத்ததில் 36 சதவீதமும் குறைந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புள்ளியியல்படி கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. எடை பெரிதாக இறங்கியதாலும் வரவில்லை.

ஆக மூலம் முக்கியமில்லையா? முக்கியம்தான், ஆனால் நாம் நினைக்கும் காரணத்துக்காக அல்ல. புரதம் தனியாக வருவதில்லை, எதையாவது கூட்டிக்கொண்டு வருகிறது. அது எதைக் கூட்டிவருகிறது என்பதுதான் கேள்வி. நிலக்கடலை 100 கிராமில் புரதம் 25, கூடவே கொழுப்பு 49. தோலோடு பொரித்த கோழி எண்ணெயைக் கூட்டிவரும். காய்ந்த நெத்திலி புரதக் கட்டி, ஆனால் உப்பு. பருப்பு நார்ச்சத்தையும் மாவுச்சத்தையும் சேர்த்தே கொண்டுவரும். எனவே பருப்பு ஏறினால் சோறு இறங்கவேண்டும்.

இது புரட்டாசியில் நன்றாகத் தெரிந்தது. மாதம் முழுக்கச் சைவம் என்று விரதம் பிடித்ததும், மீனும் முட்டையும் போய் அந்த இடத்தில் 'சைவ மட்டன்', 'சைவ மீன்' வந்து உட்கார்ந்தன. பாக்கெட்டைத் திருப்பினால் கோதுமைப் புரதம், சோயா, எண்ணெய், உப்பு. கோதுமைப் புரதத்தில் லைசின் குறைவு; அதையும் பொரித்துத்தான் குழம்பில் போடுகிறார்கள். பசி திரும்பியது, கரிப்பாப்பும் திரும்பியது. நாலு வாரத்தில் 1.1 கிலோ ஏறியது.

சரிசெய்தது விரதத்தை விட்டு அல்ல. காலை முட்டைக்குப் பதில் வெள்ளைத் தாஹு (டோஃபு) 150 கிராம், மஞ்சள் மிளகுத்தூள் போட்டு உதிர்த்துப் பிரட்டியது: 12 கிராமுக்குக் குறையாது. மதியம் சோயா உருண்டை, காய்ந்த எடையில் 30 கிராம்: 15 கிராம் புரதம். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்தால்தான் அந்த வாடை போகும். தயிர் 150 கிராம், 5 கிராம். இரவுத் தெம்பே அப்படியே. தெம்பே பூஞ்சையால் நொதிக்கவைத்த சோயா. விரதத்துக்குத் தாராளமாக ஆகும். சைவ மூலங்களில் லியூசின் சற்றுக் குறைவு என்பதால் வேளைக்கு 25 கிராமுக்குப் பதில் 30-ஐ நோக்குவது பாதுகாப்பு. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் சோயாப் பாலை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம், அது பெரும்பாலும் சீனித் தண்ணீர்.

24 வாரத்துக்குப் பின்

எடை 71.7-லிருந்து 67.2. பி.எம்.ஐ. 26.9. வயிறு 94-லிருந்து 87. ஏ.எல்.டி. 34. எச்.பி.ஏ.1.சி. 5.8. முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எழுந்தது 11 முறையிலிருந்து 15 ஆனது. எடை இறங்கியும் கால் பலம் கூடியதைக் காட்டுவதால் நாங்கள் அதிகம் மதிக்கும் எண் இதுதான். மின்னோட்டத்தால் உடற்கொழுப்பைக் காட்டும் இயந்திரத்தை நம்பவில்லை. இரண்டு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் எண் மாறும்.

நாளுக்கு 300 கலோரிக் குறைவு 24 வாரம் நின்றிருந்தால் காகிதத்தில் ஆறரை கிலோ இறங்கியிருக்கவேண்டும். இறங்கியது நாலரை. புரட்டாசி, தீபாவளிப் பலகாரம், இரண்டு கல்யாணம் ஒரு பங்கு. சிறுத்த உடம்பு குறைவாகச் செலவழிப்பது இன்னொரு பங்கு. தோல்வி என்று எழுதத் தேவையில்லை.

இதே தட்டை அப்படியே எடுக்கக்கூடாதவர்கள் உண்டு. சிறுநீரில் அல்புமின் ஒழுகுபவர்கள், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள்: அவர்களுக்குப் புரதம் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் நிற்பதே முறை. கிளிக்லசைடு என்ற நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று பாதியாக்கினால் சர்க்கரை இறங்கி வியர்த்து மயங்கலாம். முதலில் மருந்தளவை மருத்துவர் மாற்றவேண்டும். தொடக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன மூன்று தகவல்கள் இதற்காகத்தான்.

இன்னும் தீராதது இரவு ஷிஃப்ட் வாரம். அதிகாலை மூன்று மணிக்குத் தொழிற்சாலைக் கேன்டீனில் கிடைப்பது மெகி கோரெங், மைலோ, நாசி லெமாக் பொட்டலம். பொட்டலத்தில் அரை முட்டை இருக்கிறது, 3 கிராம். இப்போதைக்கு இரண்டு அவித்த முட்டையும் தகர டப்பா சார்டினில் பாதியும் டிஃபனில் போகிறது. சார்டின் வாசம் வேன் முழுக்க அடிக்கிறது என்று மற்றவர்கள் முணுமுணுப்பதால், அடுத்த மாத ஷிஃப்டுக்குச் சுண்டலும் தாஹுவும் எடுத்துப்போய்ப் பார்க்கவிருக்கிறார்.